வலது ஓரம் யாருக்கு?
(சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்)



வெள்ளானூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கடை நடத்தும் நமக்குச் சாலையும் ஒரு முதலீடுதான். அரிசிக்குச் செங்குன்றம் போகிறோம். காய்கறிக்குக் கோயம்பேடு போகிறோம். 1996-க்கு முன் கொத்தவால்சாவடிக்குப் போய் வந்த மூத்த வணிகர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று வாடகை லாரியில் நாலு கடைச் சரக்கு ஒன்றாக வந்து சேரும். இன்று நம்மில் பலரிடம் சொந்தமாக ஒரு குட்டியானையோ, லோடு ஆட்டோவோ, மினி லாரியோ நிற்கிறது. வண்டி நம்முடையது, ஓட்டுநர் நம் ஆள், சரக்கு நம்முடையது. ஆகவே அந்த வண்டி சாலையில் எப்படிப் போகிறது என்பதும் நம் பொறுப்பே.

சாலைகளும் மாறிவிட்டன. வண்டலூரில் தொடங்கி மீஞ்சூரில் முடியும் வெளிவட்டச் சாலை சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ளது. வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையுள்ள முதல் பகுதி 2014-இல் திறக்கப்பட்டது. நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரையுள்ள அடுத்த பகுதி நம் வெள்ளானூர்ப் பக்கமாகப் போகிறது. நடுவில் தடுப்பு, இரு புறமும் மூன்று மூன்று தடங்கள், பக்கத்தில் சர்வீஸ் ரோடு. ஒற்றைச் சாலையில் ஓட்டிப் பழகிய கையும் காலும் இப்படிப்பட்ட சாலையில் அதே பழக்கத்தோடு இறங்குகின்றன. அதனால் வரும் கேடுகளில் ஒன்றை மட்டும் இக்கட்டுரையில் பார்ப்போம். வலது ஓரத் தடத்தை எதற்குப் பயன்படுத்துவது, அதில் என்ன வேகத்தில் போவது என்பதே பொருள். ஓட்டுநர்கள் ‘டிராக்’ என்று சொல்வதையே இங்கே ‘தடம்’ என்கிறோம்.

வலது தடத்தின் வேலை

பெரிய சாலையில் நடுத்தடுப்பை ஒட்டியிருக்கும் வலது தடத்தைப் பலரும் ‘ஸ்பீடு டிராக்’ என்கிறார்கள். பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். வேகமாகப் போகிறவனுக்குச் சொந்தமான இடம் அது என்று ஒருவன் நினைக்கிறான். “நானும் 60-இல்தானே போகிறேன், எனக்கும் உரிமை உண்டு” என்று இன்னொருவன் அங்கேயே நிலைத்துவிடுகிறான். இருவர் நினைப்பும் சரியல்ல. முன்னால் போகும் வண்டியை முந்துவதற்காகவே அந்தத் தடம் இருக்கிறது. முந்த வேண்டியவர் அதில் ஏறி, முந்தி முடித்து, இடது பக்கம் திரும்பிவிட வேண்டும்.

நம் கடையில் கல்லாவுக்கு முன்னே உள்ள இடத்தை நினைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் வருவார், சாமான் வாங்குவார், காசு கொடுப்பார், நகர்ந்துவிடுவார். ஒருவர் காசு கொடுத்த பின்னும் அங்கேயே நின்று ஊர்க்கதை பேசினால் பின்னால் நிற்பவர்கள் பக்கவாட்டில் கையை நீட்டுவார்கள், இடிப்பார்கள், எண்ணெய்ப் பாக்கெட் கீழே விழும். நின்றவர் நல்லவர்தான், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்தான். ஆனாலும் இடையூறு அவரால்தான் வந்தது. வலது தடத்திலேயே குடியிருக்கும் வண்டியும் இப்படித்தான்.

சட்டம் சொல்வது

இது புதிதாக வந்த விதி அல்ல. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை ஒட்டி 1989-இல் சாலை விதிகள் வெளியாயின. அவற்றுக்குப் பதிலாக 2017-இல் மோட்டார் வாகன (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள் வந்தன. அடிப்படை மாறவில்லை. வண்டியை இயன்ற வரை இடது பக்கமாக ஓட்ட வேண்டும். முந்துவது வலது பக்கமாக. தடம் மாறும் முன் சைகை காட்ட வேண்டும். இன்னொரு வண்டி நம்மை முந்தும்போது நாம் வேகத்தைக் கூட்டக் கூடாது. கடைசியாகச் சொன்னதை நம் ஓட்டுநர்களில் பலர் மறந்துவிடுகிறார்கள். பின்னால் வந்தவன் முந்தப் பார்த்தால் ரோஷம் வந்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார்கள்.

நம்மைப் போல இடது பக்கம் ஓட்டும் நாடு பிரிட்டன். அங்கே முதல் மோட்டார் சாலை 1958-இல் பிரெஸ்டன் நகருக்கு அருகில் திறக்கப்பட்டது. முந்தும் வேலை இல்லாதபோது இடது தடத்தில் போக வேண்டும் என்பது அங்கே பாலபாடம். தேவையில்லாமல் நடுத்தடத்தை அடைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த இடத்திலேயே 100 பவுண்டு அபராதமும், உரிமத்தில் 3 குற்றப் புள்ளிகளும் விதிக்க 2013 முதல் காவலருக்கு அதிகாரம் உண்டு. வேகமாகப் போனதற்கு அல்ல, இடம் விடாததற்கு இந்தத் தண்டனை என்பதைக் கவனிக்கவும்.

முந்துவதற்கு ஒரு கணக்கு

வணிகர்களாகிய நமக்குக் கணக்குச் சொன்னால்தான் மனதில் நிற்கும். முன்னால் ஒரு லாரி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. லாரியின் நீளம் 10 மீட்டர், நம் வண்டி 4 மீட்டர். தடம் மாறும்போது லாரிக்குப் பின்னே 20 மீட்டர் இடைவெளி, முந்தியபின் லாரிக்கு முன்னே 20 மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். ஆக, லாரியைவிட 54 மீட்டர் கூடுதலாக நாம் கடக்க வேண்டும்.

நம் வண்டி 55-இல் போனால்: வேக வித்தியாசம் 5. முந்தி முடிக்க 39 விநாடி. அதற்குள் ஓடிய தூரம் ஏறக்குறைய 600 மீட்டர்.

60-இல் போனால்: 19 விநாடிக்குச் சற்று மேல். தூரம் சுமார் 325 மீட்டர்.

65-இல் போனால்: 13 விநாடி. தூரம் சுமார் 235 மீட்டர்.

முதல் கணக்கைப் பாருங்கள். 5 கிலோமீட்டர் வித்தியாசத்தில் முந்தப் போன நம் குட்டியானை அரை கிலோமீட்டருக்கு மேல் லாரிக்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போகிறது. நான்கு வழிச் சாலையானால் அந்த நேரம் முழுவதும் இரண்டு தடமும் அடைபட்டுவிடும். பின்னால் பத்து வண்டி சேர்ந்துவிடும். அவற்றில் ஒன்று பொறுமை இழக்கும்.

எனவே ஒரு விதி வைத்துக்கொள்வோம். நம் வண்டிக்கும் முன்வண்டிக்கும் 15 கிலோமீட்டர் வித்தியாசம் காட்ட முடியுமானால், அதுவும் அந்தச் சாலைக்குரிய வேக வரம்பைத் தாண்டாமல் முடியுமானால், முந்தலாம். முடியாது என்றால் பின்னாலேயே போவது நல்லது. மேம்பாலத்தின் ஏற்றத்தில் மூட்டை ஏற்றிய வண்டி இழுக்காது, அங்கே முந்தத் தொடங்கவே வேண்டாம்.

பின்னாலேயே போனால் எவ்வளவு நஷ்டம்? 5 கிலோமீட்டர் தூரத்தை 50-இல் கடக்க 6 நிமிடம். 55-இல் கடக்க 5 நிமிடம் 27 விநாடி. நஷ்டம் 33 விநாடி. கடையில் ஒருவருக்குச் சில்லறை எண்ணிக் கொடுக்கும் நேரம்தான்.

வேகத்தின் விலை

இனி வலது தடத்தில் பறப்பவர்களைப் பற்றி. 40 கிலோமீட்டர் பயணத்தை 60-இல் போனால் 40 நிமிடம், 80-இல் போனால் 30 நிமிடம். மிச்சம் 10 நிமிடம். அதுவும் வழியெல்லாம் தடையில்லாமல் போனால்தான். சிக்னலிலும் டோல்கேட்டிலும் அதில் பாதி கரைந்துவிடும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன விலை என்று பார்ப்போம். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒரு விநாடி பிடிக்கும். நல்ல சாலையில், சரக்கு ஏற்றிய வண்டி ஓரளவு சீராக நிற்கும் என்று கணக்கிட்டால், 60-இல் போகும் வண்டி நிற்க சுமார் 45 மீட்டர் ஆகும். 80-இல் போகும் வண்டிக்கு சுமார் 72 மீட்டர் ஆகும். வேகம் கூடியது மூன்றில் ஒரு பங்கு. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரமோ ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடுகிறது.

இன்னொன்றையும் கணக்கிடலாம். முதல் வண்டி 45-ஆவது மீட்டரில் நின்றுவிட்டது. அதே இடத்தில் இரண்டாம் வண்டியின் வேகம் என்ன? இன்னும் 59 கிலோமீட்டர்! அந்த இடத்தில் விளக்கில்லாமல் ஒரு லாரி நின்றிருந்தால் முதல் ஓட்டுநர் திட்டிக்கொண்டே சுற்றிப் போவார். இரண்டாம் ஓட்டுநருக்குத் திட்ட வாய்ப்பிருக்காது. மழையிலும், டயர் தேய்ந்திருந்தாலும், அளவுக்கு மேல் மூட்டை ஏற்றியிருந்தாலும் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவற்றில் 100-க்கு 71 சாவுகள் அதிவேகத்தின் கணக்கில் வருகின்றன. அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே முதலிடம்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இதில் டீசல் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில்தான் எரிபொருள் நன்றாக மிச்சப்படும் என்று பெட்ரோலியப் பொருள் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது.

“நான் அளவாகத்தான் போகிறேன்” என்பவருக்கு

நிதானமான ஓட்டுநர்களிடம் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. “பலகையில் போட்டிருக்கிற வேகத்தில்தான் வலது தடத்தில் போகிறேன். அதற்கு மேல் போகிறவன் குற்றவாளி. அவனுக்கு நான் ஏன் வழிவிட வேண்டும்?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னால் வருபவருக்கு வேக வரம்பு கற்பிப்பது நம் ஓட்டுநரின் வேலை அல்ல. அதற்குக் காவல் துறை இருக்கிறது, கேமரா இருக்கிறது. வழி கிடைக்காத கார்க்காரர் என்ன செய்வார்? வேகத்தைக் குறைப்பவர் சிலரே. மற்றவர் இடது பக்கமாகப் புகுந்து போவார். அந்த இடது பக்கத்தில் யார் போகிறார்கள்? டிவிஎஸ் 50-இல் இரண்டு மூட்டையை வைத்துக்கொண்டு நம் கடைப் பையன் போகிறான். பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நம் வாடிக்கையாளர் அம்மா போகிறார். முன்னே போகும் நம் வண்டி மறைப்பதால் கார்க்காரருக்கு அவர்கள் தெரிவதில்லை. கடைசி நொடியில்தான் தெரிகிறார்கள்.

நம் வண்டி யாரையும் இடிக்கவில்லை. வழக்கில் நம் பெயர் வராது. ஆனாலும் அந்த விபத்துக்கு வழி செய்து கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு. வலது தடத்தை விட்டு நகர்வது வேகக்காரனுக்குத் தலைவணங்குவது ஆகாது. இடது ஓரத்தில் போகும் எளியவர்களைக் காப்பாற்றுவது அது.

இடது பக்கம் போக முடியாதபோது

ஓட்டுநர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவர்கள் வலது ஓரத்தை விரும்புவது வெறும் திமிரால் அல்ல. இடது தடத்தில் லாரி நிற்கிறது, மாடு வருகிறது, விளக்கில்லாத சைக்கிள் வருகிறது, எதிர்த்திசையில் இரு சக்கர வண்டி வருகிறது. இரவில் இவற்றுக்குப் பயந்தே அவர்கள் நடுத்தடுப்பை ஒட்டிப் போகிறார்கள். இலங்கையில் 2011-இல் கொட்டாவையிலிருந்து காலி வரை திறந்த தெற்கு அதிவேகச் சாலையில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் நுழையவே அனுமதி இல்லை. நம் சாலைகள் அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே நமக்கேற்ற வழக்கத்தை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும்.

வெளிவட்டச் சாலை போன்ற ஆறு வழிச் சாலையில் சரக்கு வண்டி இடது தடத்தில் போகட்டும். இடது பக்கம் இடையூறு தொடர்ந்து இருந்தால் நடுத்தடத்தில் போகலாம். வலது தடம் முந்துவதற்கு மட்டும்.

நான்கு வழிச் சாலையில் இருப்பது இரண்டே தடம். இடையூறு இருக்கும் வரை வலது பக்கம் போகத்தான் வேண்டும். ஆனால் இடது தடம் 250 மீட்டர் தூரத்துக்குக் காலியாகத் தெரிந்தால் உடனே திரும்பிவிட வேண்டும். 60-இல் போகும் வண்டிக்கு அது 15 விநாடிப் பயணம்.

நடுத்தடுப்பில் திறப்பு உள்ள சாலைகளில் இன்னொரு கவனம் வேண்டும். யூ டர்ன் எடுக்கும் வண்டிகள் வேகத்தைக் குறைத்து நிற்பது வலது தடத்தில்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து திரும்பும் வண்டி நுழைவதும் வலது தடத்தில்தான். அங்கே அதை வேகத் தடம் என்று நம்பிப் போவது ஆபத்து. திறப்பு இருப்பதைக் காட்டும் பலகையைக் கண்டதும் காலை எடுத்துவிட வேண்டும்.

சைகையில் உள்ள குழப்பத்தையும் சொல்லிவிடுவோம். ஒற்றைச் சாலைக் காலத்தில் பின்னால் வருபவருக்கு “வழி இருக்கிறது, முந்து” என்று சொல்ல லாரி ஓட்டுநர்கள் வலது இண்டிகேட்டரைப் போடுவார்கள். வலது பக்கம் திரும்பவும் அதே இண்டிகேட்டர்தான். பெரிய சாலையில் இந்தப் பழைய வழக்கம் உயிரை வாங்கும். இண்டிகேட்டர் நாம் போகப் போகும் திசையைக் காட்ட மட்டுமே.

முதலாளியின் பொறுப்பு

மேலே சொன்னதெல்லாம் ஓட்டுநருக்கு. இனிச் சொல்வது நமக்கு.

ஓட்டுநர் ஏன் பறக்கிறார்? பெரும்பாலும் நாம் விரட்டுவதால்தான். “ஏழு மணிக்குள் காய் வந்து இறங்கணும், இல்லேன்னா வியாபாரம் போச்சு” என்று போனில் சொல்கிறோம். வழியில் நான்கு தடவை “எங்கே வர்றே?” என்று கேட்கிறோம். போனை எடுக்கும் கை எந்தக் கை என்று நாம் யோசிப்பதில்லை.

சட்டம் இதை நன்றாக அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆம் பிரிவு வேக வரம்பை மீறும் ஓட்டுநரை மட்டும் குறிப்பிடவில்லை. தன்னிடம் வேலை செய்பவரை அப்படி ஓட்ட வைப்பவரையும் குறிப்பிடுகிறது. 2019-இல் திருத்தப்பட்டபடி இலகு ரக வண்டிக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். அதே பிரிவில் இன்னொரு வாசகமும் உண்டு. குறித்த நேரத்துக்குள் பயணத்தை முடிக்கும்படி ஒருவர் உத்தரவிட்டு, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிக்க இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த உத்தரவே அவர்மீது முதல்நிலைச் சாட்சியமாகும். நாம் போனில் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள்.

ஆகவே உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை:

1. வண்டி அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். சாலையில் நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லாதீர்கள். மூட்டை ஏற்றும் இடத்திலும், பில் போடும் இடத்திலும் மிச்சம் பிடிக்கலாம்.

2. ஓட்டுநர் வண்டியில் இருக்கும்போது போன் செய்யாதீர்கள். நிறுத்தும் இடத்திலிருந்து அவரே பேசட்டும்.

3. “சீக்கிரம் வந்தாய்” என்று பாராட்டாதீர்கள். மூட்டை கிழியாமல், முட்டை உடையாமல் வந்ததைப் பாராட்டுங்கள்.

4. வண்டியின் பின்விளக்கு, இண்டிகேட்டர், பக்கக் கண்ணாடி ஆகியவற்றை வாரம் ஒரு முறை நீங்களே பாருங்கள். பின்னால் வருவது தெரியாத ஓட்டுநர் எப்படி இடம் விடுவார்?

5. தார்ப்பாயும் கயிறும் கண்ணாடியை மறைக்காமல் கட்டச் சொல்லுங்கள்.

பயிற்சிக் கேள்விகள்

ஓட்டுநரையும் கடைப் பையன்களையும் உட்காரவைத்துக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஆறு வழிச் சாலை. நம் வண்டி வலது தடத்தில் 70-இல் போகிறது. முன்னே யாரும் இல்லை, இடது பக்கமும் காலி. பின்னால் ஒரு கார் விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறது. என்ன செய்வது?
பதில்: கண்ணாடியைப் பார்த்து, இடது இண்டிகேட்டர் போட்டு, நடுத்தடத்துக்கு வந்துவிட வேண்டும். விளக்குப் போட்டுக் கேட்கும் வரை அங்கே இருந்ததே தவறு.

கேள்வி: லாரியை முந்திக்கொண்டிருக்கிறோம், பாதி வந்துவிட்டோம். பின்னால் ஒரு பேருந்து ஹாரன் அடித்து நெருங்குகிறது. வேகத்தைக் கூட்டலாமா?
பதில்: பயந்து வரம்பை மீற வேண்டாம். அதே வேகத்தில் முந்தி முடித்து, லாரியின் முகப்பு முழுவதும் உள்கண்ணாடியிலோ பக்கக் கண்ணாடியிலோ தெரிந்தபின் இடது பக்கம் திரும்ப வேண்டும். அவசரத்தில் லாரியின் மூக்கை உரசித் திரும்பக் கூடாது.

கேள்வி: இன்னொரு சரக்கு வண்டி நம்மை முந்த வருகிறது. மெதுவாகத்தான் முந்துகிறது. நாம் என்ன செய்வது?
பதில்: வேகத்தைக் கூட்டக் கூடாது. சற்றுக் காலை எடுத்தால் அவர் சீக்கிரம் முடித்துவிடுவார், சாலையும் திறக்கும்.

கேள்வி: முன்னே லாரி வலது தடத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது. இடது பக்கம் காலி. அந்த வழியே புகுந்து போகலாமா?
பதில்: ஒரு முறை விளக்கைப் போட்டுக் காட்டிப் பொறுத்திருக்க வேண்டும். இடது பக்கம் புகுந்து முந்துவது விதிக்கு மாறானது. லாரி ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் சரியாகத் தெரியாது, அவர் எந்த நேரமும் இடது பக்கம் திரும்பலாம். முன்வண்டி வலது பக்கம் திரும்பச் சைகை காட்டி ஒதுங்கி நிற்கும்போது மட்டும் இடது பக்கமாகக் கடக்கலாம்.

பதறாத காரியம் சிதறாது என்பது பெரியவர்கள் சொல். முந்த வேண்டுமானால் கணக்குப் பார்த்து முந்துவோம். முந்தியதும் இடம் விடுவோம். முந்த முடியாதபோது பின்னால் போவோம். உறுப்பினர்கள் இந்தப் பக்கத்தைத் தங்கள் ஓட்டுநருக்கு ஒரு முறை படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.